சைலன்ட் ஷட்டர் எவ்வளவு வேகம்? டியூப் லைட், விளக்குக் கம்பம், ஆர்டுயினோ: எதை வைத்து அளப்பது

போன வருடம் மலேசியாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் உறுமி மேளக் குழுவைப் படம் எடுத்தேன். சாமி வந்து ஆடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று எடுக்க வேண்டியிருந்தது, அங்கே போய் ஷட்டர் சத்தம் வேண்டாமே என்று சைலன்ட் ஷட்டரில், அதாவது திரை எதுவும் ஓடாமல் ஒளியை வாங்குகிற சென்சார் மட்டும் வேலை செய்கிற ஷட்டரில், போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் மனசு உடைந்துபோனது. உறுமியை உராய்கிற குச்சி வளைந்த குச்சிதான், அதை விடுங்கள். பக்கத்தில் தப்பு மேளம் அடிக்கிறவர் கையிலிருந்த நேர்க்குச்சி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் முகத்தின் குறுக்கே மஞ்சளும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாகக் கோடு. ஒரு நாள் முழுக்க எடுத்ததில் கொடுக்கக்கூடிய படம் பாதிகூடத் தேறவில்லை. திருவிழா மறுபடி நடக்கும், ஆனால் அந்த வருடத்துக் காவடி அந்த வருடத்தோடு போச்சு.

அதற்குப் பிறகுதான் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் வருகிற இந்த ரோலிங் ஷட்டர் விஷயத்தை ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது அக்கா மகன் ஈப்போவில் செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கப் போகிறான். "மாமா, இதோட சைலன்ட் ஷட்டர் எவ்ளோ ஃபாஸ்ட்டு?" என்று கேட்டான். கடையில் கேட்டதற்கு "1/8000 போகும்" என்று சொன்னார்களாம். அந்தப் பதில் சரிதான், ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது, அதனால் அதைத் தெளிவாக்கிவிட்டு அளக்கிற வழிகளுக்கு வருகிறேன்.

1/8000 என்பது சென்சாரில் ஒவ்வொரு வரியும் ஒளியை வாங்கும் நேரம். மேல் வரியில் ஆரம்பித்து கடைசி வரி வரை படித்து முடிக்க சென்சாருக்கு ஆகும் நேரம் வேறு. அதைத்தான் ரீட்அவுட் நேரம் என்கிறோம். ஒவ்வொரு வரியும் 1/8000 செகண்டில் உறைந்துபோயிருக்கும், ஆனால் மேல் வரி உறைந்த நேரமும் கீழ் வரி உறைந்த நேரமும் ஒன்றில்லை. நம் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் நிற்காமல் ஓர் இடிஎஸ் ரயில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். செகண்டுக்குச் சுமார் 28 மீட்டர். ரீட்அவுட் 65 மில்லிசெகண்டு ஆகிற கேமராவில் படத்தின் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையில் ரயில் 1.8 மீட்டர் நகர்ந்திருக்கும், அதாவது ஒரு ஆள் உயரம். ஜன்னலெல்லாம் சாய்ந்து விழும். 15 மில்லிசெகண்டு கேமராவில் 40 சென்டிமீட்டர் சொச்சம். 4 மில்லிசெகண்டு கேமராவில் 11 சென்டிமீட்டர், கண்ணுக்கு உறுத்தாது. மெக்கானிக்கல் ஷட்டரின் திரை ஓடி முடிக்கிற நேரமும் கிட்டத்தட்ட இந்த 4 மில்லிசெகண்டுதான், ஃபிளாஷோடு ஒத்துப்போகிற வேகம் (ஃபிளாஷ் சிங்க்) 1/250 என்று போடுவதே அதனால்தான். ஆக 4-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சைலன்ட் ஷட்டரும் மெக்கானிக்கல் மாதிரியே நடந்துகொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அளப்பது எப்படி?

சுலபமான வழி, மற்றவர்கள் அளந்து போட்ட எண்ணைப் பார்ப்பது. பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் ஒரே கேமராவுக்கு மூன்று எண் இருக்கும். வெளிச்சத்தை நுணுக்கமாகப் பதிகிற 14 பிட்டில் ஒன்று, நுணுக்கம் குறைந்த 12 பிட்டில் ஒன்று, வீடியோவில் ஒன்று. சில கேமராக்கள் சைலன்ட்டில் தொடர்ந்து சுடும்போது தாமாகவே 12 பிட்டுக்கு இறங்கி வேகமாகப் படிக்கும். எந்த மோடில் அளந்தார்கள் என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வீடியோவுக்கு அளந்த 10 மில்லிசெகண்டைப் பார்த்துவிட்டு போட்டோவுக்கும் அதுதான் என்று நினைத்து வாங்கியவர்களை எனக்கே தெரியும்.

அடுத்து, கடையில் எல்லாரும் செய்கிற காத்தாடி சோதனை. மேலே ஓடுகிற சீலிங் ஃபேனைச் சுட்டுப் பார்ப்பது. நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் காத்தாடி 65 மில்லிசெகண்டில் 117 பாகை திரும்பிவிடும், இறக்கை அரிவாள் மாதிரி வளைந்து நிற்கும். 15-இல் 27 பாகை. 4-இல் 7 பாகைதான். இரண்டு கேமராவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காத்தாடியைச் சுட்டால் எது மெது, எது வேகம் என்று நிச்சயம் தெரியும். எண் கிடைக்காது, ஏனென்றால் காத்தாடி எத்தனை சுற்று ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, கடைக்குக் கடை மாறும். ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை என்பதால் செய்துவிடுங்கள், அதை மட்டும் வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டியூப் லைட். மலாய்க்காரர்கள் லம்பு கலிமந்தாங் என்று சொல்வார்களே, அந்தப் பழைய குழல் விளக்கு, சோக் கட்டையோடு வருவது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால் விளக்கு செகண்டுக்கு 100 முறை துடிக்கும், ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெகண்டு. நம் கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பைச் சென்சார் வரி வரியாகப் படிக்கும்போது அது பட்டைகளாக விழுந்துவிடும். வெள்ளைச் சுவரில் அந்த வெளிச்சம் மட்டும் விழுகிற மாதிரி வைத்து, கேமராவைச் சைலன்ட் ஷட்டரில் போட்டு, 1/2000 அல்லது அதற்கும் வேகமாக, ஐஎஸ்ஓவை ஏற்றி ஒரு படம். சுவரில் ஃபோகஸ் தப்பினாலும் பரவாயில்லை, தப்பினால் இன்னும் நல்லது. படத்தின் மேலிருந்து கீழாக எத்தனை இருட்டுப் பட்டை என்று எண்ணி 10-ஆல் பெருக்கினால் ரீட்அவுட் மில்லிசெகண்டில் வந்துவிடும். ஆறரைப் பட்டை என்றால் 65. ஐந்து என்றால் 50. ஒரு வெள்ளி செலவில்லை.

பட்டையைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். குழல் விளக்கில் இருட்டுப் பகுதி முழுக்கக் கறுப்பாக இருக்காது, மஞ்சள் கலந்து இருக்கும். குழலின் உள்பூச்சில் ஒரு நிறம் சீக்கிரம் அணையும், இன்னொன்று கொஞ்சம் தாமதித்து அணையும், அந்த மிச்ச ஒளிதான் அது. என் திருவிழாப் படங்களில் முகத்தின் குறுக்கே விழுந்த மஞ்சள் கோடு இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

இந்த வழிக்கு இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று விளக்கு. இப்போது சோக் கட்டைக்குப் பதில் எலக்ட்ரானிக் பேலஸ்ட் போட்டு வருகிற குழல் செகண்டுக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும், அதில் பட்டையே தெரியாது. நல்ல டிரைவர் போட்ட எல்இடி பல்பும் அப்படித்தான். பட்டை தெரியவில்லை என்றால் கேமரா வேகம் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், முதலில் விளக்கைச் சந்தேகப்படுங்கள். உங்கள் ஃபோன் கேமராவை வேகமான ஷட்டரில் வைத்துப் பார்த்தாலே அந்த விளக்கு துடிக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் ஊர் வயர்மேன் அண்ணனிடம் கேட்டேன், "பழைய சோக் லைட்டு ஸ்டோர்ல கெடக்கு தம்பி, எடுத்துட்டுப் போ" என்று ஒன்று கொடுத்தார். அது இன்னும் என் அறையில்தான் மாட்டியிருக்கிறது.

இரண்டாவது இன்னும் முக்கியம். மெதுவான கேமராவுக்குத்தான் இந்த அளவுகோல் பொருந்தும். 65 மில்லிசெகண்டில் ஆறரைப் பட்டை விழும்போது அரைப் பட்டை தப்பாக எண்ணினால் 5 மில்லிசெகண்டு போகும், போகட்டும். 14 மில்லிசெகண்டு கேமராவில் ஒன்றரைப் பட்டைகூட விழாது. அதில் அரைப் பட்டை தப்பினால் மூன்றில் ஒரு பங்கு தப்பு. 4 மில்லிசெகண்டு கேமராவில் பட்டையே வராது, படத்தின் ஒரு பக்கம் கொஞ்சம் இருண்டு மறுபக்கம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் டியூப் லைட் "இது மெதுவான கேமரா" என்று அடித்துச் சொல்லும், "இது எவ்வளவு வேகம்" என்று சொல்லாது.

வீடியோ எடுக்கிறவர்களுக்குக் கருவியே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பள்ளித் திடல் ஓரத்தில் நிற்கிற விளக்குக் கம்பம் மாதிரி நேரானது ஒன்று, சட்டத்தின் மேலிருந்து கீழ் வரை நிரப்புகிற மாதிரி நில்லுங்கள். ஷட்டரை வேகமாக வைத்து 25 ஃபிரேமில் வீடியோவை ஓட்டிக்கொண்டே கேமராவை இடமிருந்து வலமாக ஒரே சீராகத் திருப்புங்கள். அப்புறம் எடிட்டிங்கில் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமை எடுத்து இரண்டு அளவு எடுக்க வேண்டும். ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்குக் கம்பம் எத்தனை பிக்சல் நகர்ந்தது, ஒரே ஃபிரேமுக்குள் கம்பத்தின் தலைக்கும் காலுக்கும் எத்தனை பிக்சல் சாய்வு. 200 பிக்சல் நகர்ந்து 130 பிக்சல் சாய்ந்திருந்தால், இரண்டு ஃபிரேமுக்கு இடைவெளி 40 மில்லிசெகண்டு என்பதால், 130-ஐ 200-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்கினால் 26 மில்லிசெகண்டு. எவ்வளவு வேகமாகத் திருப்பினீர்கள் என்பது கணக்கிலேயே இல்லை, அதுதான் இதன் அழகு. சீராகத் திருப்ப வேண்டும், அது மட்டும்தான். ட்ரைபாடில் வைத்து ஐந்தாறு முறை செய்து சராசரி எடுத்தால் நம்பலாம். போட்டோவுக்கு இது ஒத்துவராது, ஏனென்றால் தொடர்ச்சியாகச் சுடும்போது இரண்டு படத்துக்கு நடுவில் எவ்வளவு நேரம் என்று உறுதியாகத் தெரியாது.

கடைசியாக ஆர்டுயினோ, நாம் எழுதுகிற கட்டளைப்படி விளக்கு மாதிரியானவற்றை இயக்குகிற சின்ன மின்னணு போர்டு. சரியான எண் வேண்டுமென்றால் இதுதான், வேறு பேச்சில்லை. அதில் ஊனோ என்கிற மாடல் போர்டு ஒன்று, ஒரு வெள்ளை எல்இடி, ஒரு 220 ஓம் ரெசிஸ்டர். டோன் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதில் பின் எண்ணையும் 1000 என்பதையும் கொடுத்தால் எல்இடி செகண்டுக்கு 1000 முறை அணைந்து எரியும். இப்போது ஒரு பட்டைக்கு ஒரு மில்லிசெகண்டு. 4 மில்லிசெகண்டு கேமராவிலும் நான்கு பட்டை விழும், எண்ணிவிடலாம். போர்டின் கடிகாரம் அரை சதவீதம் அளவுக்குப் பிசகலாம், நம் வேலைக்கு அது பொருட்டே இல்லை.

லென்ஸைக் கழற்றிவிட்டு எடுப்பதுதான் நல்லது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை விட அனுமதிக்கிற இடத்தைத் திறந்து, விளக்கையெல்லாம் அணைத்து, எல்இடியைக் கீழே மேசையில் வைத்து, கேமராவை முகம் கீழே பார்க்கப் பிடித்துச் சுடுங்கள், அப்படிப் பிடித்தால் தூசி உள்ளே விழாது. எல்இடி ஒளி சென்சார் முழுக்கச் சீராகப் பரவும், பட்டை கத்தியால் கீறின மாதிரி விழும். ஷட்டர் வேகம் 1/8000-இல் இருக்கட்டும். 1/1000-இல் வைத்தீர்கள் என்றால் ஒவ்வொரு வரியும் ஒரு முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும், பட்டை அப்படியே மறைந்துவிடும், எல்இடி வேலை செய்யவில்லையோ என்று அரை மணி நேரம் வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பீர்கள். (மண்டபத்தில் 1/100 அல்லது 1/50-இல் எடுத்தால் குழல் விளக்கின் பட்டை மறைவதும் இதே காரணத்தால்தான். அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் 1/60, 1/120 என்று சொல்லிக்கொடுப்பார்கள், அவர்கள் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நமக்கு அது ஆகாது.)

மெதுவான கேமராவில் அறுபது எழுபது பட்டை விழும், விரலால் எண்ணாதீர்கள். என் சோனி ஏ7 ஃபோர் படம் 4672 பிக்சல் உயரம். பத்துப் பட்டையை அளந்தேன், 700 பிக்சல். ஒரு பட்டைக்கு 70. 4672-ஐ 70-ஆல் வகுத்தால் 66.7, அதாவது சுமார் 1/15 செகண்டு. தப்புக் குச்சி ஏன் வளைந்தது என்று அன்றைக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள், படத்தின் விகிதம் 16:9-இல் இருந்தால் மேலும் கீழும் வெட்டிவிடும், எண் குறைவாக வரும். சென்சாரின் முழு உயரத்தில் வைத்துத்தான் எண்ண வேண்டும்.

அப்போ எதை வைத்து அளப்பது? கடைக்குப் போகும்போது காத்தாடியும் குழல் விளக்கும் போதும், அங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மெதுவா இல்லையா என்பது மட்டும்தான். இரண்டு வேகமான கேமராவுக்கு நடுவில் முடிவெடுக்க வேண்டும் என்றால் ஆர்டுயினோவைப் பவர் பேங்கோடு பையில் போட்டுக்கொண்டு போங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், நான் போன இடத்தில் அவரே ஆர்வமாக வந்து பார்த்தார். வீடியோ மட்டும்தான் உங்கள் தொழில் என்றால் கம்பம் போதும், இதெல்லாம் வாங்க வேண்டாம்.

எண் கிடைத்த பிறகு அதை வைத்து எதை வாங்குவது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது, இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் பலர் தாலி கட்டும்போது சத்தம் வரக்கூடாது என்று சைலன்ட் ஷட்டருக்காகவே காசைக் கொட்டுகிறார்கள். கெட்டி மேளம் முழங்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, உங்கள் ஷட்டர் யாருக்குக் கேட்கப் போகிறது? அங்கே மெக்கானிக்கலில் எடுங்கள். நமக்கு நிஜமாகவே சத்தமில்லாத ஷட்டர் தேவைப்படுகிற இடம் இறப்பு வீடு, தேவாரம் ஓதுகிற நேரம், பள்ளிப் பேச்சுப் போட்டி. இங்கெல்லாம் யாரும் ஓடுவதில்லை, 66 மில்லிசெகண்டு கேமராவே போதும், விளக்கு துடிக்கிறதா என்று மட்டும் பார்த்து 1/100-க்கு இறங்கிக்கொள்ளுங்கள்.

ஆக நல்ல மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிற ஏ7 ஃபோர் மாதிரி கேமரா மெதுவாக இருப்பதால் கெட்ட கேமரா ஆகிவிடாது. எந்த நேரத்தில் எந்த ஷட்டர் என்று தெரிந்தால் சரி. கவலைப்பட வேண்டியது மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் வருகிற சின்ன கேமராக்களைத்தான். சோனி ஸெட்வி-இ10 இரண்டாம் பதிப்பும் பானசோனிக் எஸ்9-உம் அப்படி, இரண்டுமே 2024-இல் வந்தவை. அவற்றின் சென்சார் வேகமாகப் படிக்கிற ஸ்டாக்டு வகை இல்லை. காவடியாட்டமும் பந்து விளையாட்டும் எடுக்கிறவர் விலையைப் பார்த்து அதை வாங்கினால், தப்பித்துப் போக வேறு ஷட்டர் கிடையாது. நிக்கான் இசட்8, இசட்9 இரண்டிலும் மெக்கானிக்கல் இல்லைதான், ஆனால் அவற்றின் ரீட்அவுட் சுமார் 1/270 செகண்டு, 4 மில்லிசெகண்டுக்கும் கீழே. கல்லுமலைத் தைப்பூசத்தில் சுழன்றாடுகிற மயில்பீலிக் காவடியை அதில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நடுவில் நிற்பவை நிக்கான் இசட்6 த்ரீ, கேனான் ஆர்6 மார்க் 2 வகை, 15 மில்லிசெகண்டை ஒட்டி. இவற்றில் நடனமும் மேளமும் பெரும்பாலும் தேறும், வேகமாக அடிக்கிற குச்சியும் பூப்பந்து மட்டையும் கொஞ்சம் வளையும். இசட்6 த்ரீயில் வேகத்துக்குக் கொடுக்கிற விலை நிழல் பகுதியில் தெரியும், குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்து இருட்டைத் தூக்கினால் முந்தின இசட்6 டூவைவிடக் கொஞ்சம் கூடவே மணல்மணலாகும். சோனி ஏ9 த்ரீ 2023 நவம்பரில் குளோபல் ஷட்டரோடு அறிவிக்கப்பட்டது, எல்லா வரியும் ஒரே நேரத்தில், வளைவே கிடையாது. குறைந்தபட்ச அடிப்படை ஐஎஸ்ஓ அதில் 250. துடிக்கிற விளக்கின் கீழே அதிலும் தொல்லை இருக்கும், பட்டைக்குப் பதிலாக ஒரு படம் முழுக்க வெளிச்சமாகவும் அடுத்த படம் முழுக்க மங்கலாகவும் வரும். விலையைப் பார்த்தால் நம் ஊர் வருமானத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

மண்டபத்தில் இப்போது பின்னால் எல்இடி திரை வைக்கிறார்கள். அதன் துடிப்பு குழல் விளக்கைவிட ரொம்ப வேகம், 1/100 அங்கே எல்லா நேரத்திலும் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ஷட்டர் வேகத்தை மிக நுணுக்கமாக நகர்த்துகிற வசதி ஏ7 ஃபோரில் உண்டு, இசட்8-இல் உண்டு. திரையைப் பார்த்தபடியே நகர்த்திப் பட்டை மறைகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். கல்யாணம் எடுக்கிறவர் வாங்குவதற்கு முன் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும்.

அக்கா மகனுக்குப் பாதி வேலை வீடியோ, மீதி பள்ளி விளையாட்டுப் போட்டியும் மேடை நடனமும். கடையில் ஏ7 ஃபோரும் இசட்6 த்ரீயும் கிட்டத்தட்ட ஒரே விலையில் இருந்தன. வெளியே கம்பத்தை வைத்துக் கேமராவைத் திருப்பிப் பார்த்ததில் ஏ7 ஃபோரின் முழு அகல 4கே வீடியோ 26 மில்லிசெகண்டில் நின்றது, மற்றது அதில் பாதிக்கும் கீழே. "மாமா, இதையே எடுத்துக்கறேன்" என்று இசட்6 த்ரீயை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை என் அறையில் லென்ஸைக் கழற்றி எல்இடி மேல் பிடித்தோம். ஒரு பட்டைக்கு 282 பிக்சல், உயரம் 4032, கணக்குப் போட்டால் 14.3 மில்லிசெகண்டு. தப்புக் குச்சிக்கு மெக்கானிக்கலையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். சைலன்ட்டை ஒரு தனி பட்டனில் போட்டு வைத்திருக்கிறான், தேவார வகுப்புக்கும் இறப்பு வீட்டுக்கும்.